சத்தம் போன வழி

ஊரப்பாக்கம் தாண்டும்போதே ஜலாலின் இடுப்பு வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. இளவயதில் தாம்பரம் மார்க்கெட்டில் தூக்கிய அரிசி மூட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தன. ஜி.எஸ்.டி. ரோட்டில் பள்ளத்துக்கு ஒரு மூட்டை. வண்டியை ஓட்டிய யூனிஸ் ஒரு பள்ளத்தையும் விடவில்லை.

"கொஞ்சம் பாத்து ஓட்டும்மா."

"பாத்துப் பாத்துதான் இறக்கறேன் அண்ணா. ஒண்ணுகூட மிஸ் ஆகல."

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது ஜலால் துப்பறியும் நிலையம். ஆள் இரண்டு. மூளை ஒன்றுதான் என்பதை இருவருமே ஒப்புக்கொள்வார்கள். அது யாருடையது என்பதில்தான் தகராறு. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் ஜலால். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, படிப்புக்கேத்த வேலை தேடித் தேடிக் களைத்து, இங்கே வந்து சேர்ந்தவள் யூனிஸ்.

"கேஸ் என்னன்னு மறுபடி சொல்லுங்க. வண்டி சத்தத்துல நான் தப்பா கேட்டிருப்பேன்."

"கம்ப்யூட்டர்ல சத்தம் வரலையாம்."

"அதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடணும்."

"வந்து, பாத்து, காசு வாங்கினு போயிட்டானாம்."

"அப்ப அவனைத்தான் தேடணும். ஈஸி கேஸ்."

கூடுவாஞ்சேரியில் ஒரு டீக்கடைக்கு மேலே இருந்தது 'ஸ்ரீ நந்தவனம் பிளாட்ஸ்'. நந்தவனத்தில் உயிருள்ள செடி எதுவும் இல்லை. வரவேற்பறையில் இருந்த ஒரே செடியும் பிளாஸ்டிக். ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று மட்டும் வாசலில் காய்ந்து தொங்கியது. படிக்கட்டை மறித்துக்கொண்டு ஒரு புது சிவப்பு பைக் நின்றது. ஜலால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி ஏறினான்.

உள்ளே ஏ.சி., பீரோ, ஜெராக்ஸ் மெஷின், தண்ணீர் கேன் என்று எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். நெற்றி இல்லாதவற்றுக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

முதலாளி பட்டாபிராமன் அவர்களை உட்காரச் சொன்னார். டீ சொல்லவில்லை.

"விஷயம் சிம்பிள் பாய். துரைன்னு ஒருத்தன். கண்ணு தெரியாது. பாவம் பாத்து வேலை குடுத்தேன். என் கஸ்டமரை எல்லாம் வெளிய வித்துட்டான்."

"எப்படி?"

"எங்க வெப்சைட்ல யாராவது பிளாட் விசாரிச்சா, பேரு, நம்பர் எல்லாம் நேரா அவன் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் வரும். வந்த உடனே கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுப் படிக்கும். கண்ணு தெரியாதவங்களுக்குன்னு அப்படி ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அவன் கேட்டு, சேல்ஸ் பசங்களுக்கு முறை வெச்சுப் பிரிச்சுக் குடுக்கணும். ஆனா நாங்க போன் பண்றதுக்குள்ள வேற எவனோ பண்ணிடறான். 'படப்பையில இதைவிட சீப்பா இருக்கு வாங்க'ன்னு கூட்டிட்டுப் போயிடறான்."

"அவ்ளோ முக்கியமான வேலையை ஏன் இவருக்குக் குடுத்தீங்க?" என்றாள் யூனிஸ்.

பட்டாபிராமனின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல இருந்தது.

"அங்கதாம்மா இருக்கு மூளை. கண்ணு தெரியாதவன் பாத்து காப்பி அடிக்க முடியாது. அந்தக் கம்ப்யூட்டர் மானிட்டரையே எடுத்துட்டேன். அவனுக்கு எதுக்கு? ஸ்டோர் ரூம்ல கதவைச் சாத்தி உக்கார வெச்சிருக்கேன். வேற எவனும் பாக்கவும் முடியாது, கேக்கவும் முடியாது. இதுக்கு மேல செக்யூரிட்டி உண்டா?"

"பாவம் பாத்ததுல இதெல்லாமும் சேர்த்தியா சார்?"

அவருக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருக்கத் தெரிந்திருந்தது. "கம்ப்யூட்டரும் ஓசிதான். விண்டோஸ் இல்ல, லினக்ஸ். பைசா கிடையாது. என் மச்சினன் சுகுமார் போட்டுக் குடுத்தான். சேல்ஸ் ஹெட்."

எதிரே கண்ணாடி அறைக்குள் வெள்ளைச் சட்டையும் சிரிப்புமாக ஒருவன் கையை உயர்த்தினான். அவன் காதில் ஒயர் இல்லாத கருப்பு இயர்போன். பிறக்கும்போதே மாட்டிக்கொண்டு பிறந்தவன் போல அது அங்கே பொருந்தியிருந்தது.

"இப்ப என்னடான்னா," பட்டாபிராமன் குரலைத் தாழ்த்தினார், "பூஜை முடிஞ்சு ஆபீஸ் திறந்ததுலேர்ந்து சத்தம் வரலைங்கறான் இந்தத் துரை. மாட்டிக்குவோம்னு இவனே ஏதோ நோண்டிட்டான். இன்னிக்குக் காலையில ஸ்டாஃப் எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு, இவன்தான் திருடன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் வெளிய அனுப்பறேன். நீங்க பாத்துட்டு ஒரு ரிப்போர்ட் எழுதி சீல் போட்டுக் குடுத்தா போதும்."

"தீர்ப்பைப் படிச்சிட்டு விசாரணைக்கு ஆள் கூப்பிட்டிருக்கீங்க." ஜலால் மெல்ல எழுந்தான். "ஆளை எங்க?"

ஸ்டோர் ரூமில் கிழிந்த விளம்பரத் தட்டிகளுக்கும் காலி பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே துரை உட்கார்ந்திருந்தான். கீபோர்டின் மேல் இருந்த கைகள் கீபோர்டுக்கு உண்டானவையாக இல்லை. சம்மட்டி பிடித்துக் காய்த்த கைகள். நெற்றியிலும் கன்னத்திலும் கல் தெறித்த வடுக்கள்.

"யாரு, மெக்கானிக்கா? பின்னால ஒயரை ஆட்டாதீங்க. போன தபா வந்தவன் அதை மட்டும்தான் ஆட்டினான்."

"டிடெக்டிவ்," என்றான் ஜலால்.

"ஓ. என்னைப் புடிக்க வந்தவங்களா. பயப்படாதீங்க, ஓடமாட்டேன். ஓடணும்னா வழி எங்கன்னு உங்களைத்தான் கேக்கணும்."

யூனிஸ் சிரித்துவிட்டாள். ஜலால் பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எந்த குவாரி?"

"பல்லாவரம். வெடி வெச்சிட்டு, வெடிக்கலையேன்னு எட்டிப் பாத்தேன். அதான் கடைசியா பாத்தது. நீங்க?"

"மார்க்கெட். மூட்டை."

"இடுப்பா?"

"இடுப்புதான்."

அறிமுகம் முடிந்தது.

"பாய், நேராவே சொல்றேன்," என்றான் துரை. "இந்தப் பெட்டி பேசினா நான் கிளார்க்கு. பேசலைன்னா வூட்டு மூலையில உக்காந்துகினு கீற குருடன். அவ்ளோதான் வித்தியாசம். இந்த வேலை போச்சுன்னா இன்னொருத்தன் குடுக்கமாட்டான், அதுவும் திருடன்னு பேரோட. நானே எதுக்கு இது வாயை அடைக்கப் போறேன்?"

யூனிஸ் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு மானிட்டரைப் பிடுங்கி வந்து மாட்டினாள். திரை எரிந்தது.

"வால்யூம் ஃபுல்லா இருக்கு. மியூட்லயும் இல்ல." ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கித் தன் போனில் சொருகினாள். கானா பாட்டு ஒன்று அறையை அதிரவைத்தது. "ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கு." ஒயரைத் திரும்பப் பெட்டியின் பின்பக்கம் சொருகினாள். ஊமை. "துரை அண்ணா, ஏதாவது அடிங்க."

துரை ஒரு எழுத்தைத் தட்டினான். திரையில் ஒரு பச்சைக் கோடு துள்ளி விழுந்தது.

"அண்ணா, இதைப் பாருங்க. சத்தம் கிளம்புது. வந்து சேரத்தான் இல்ல."

"லோடு ஏத்தினு லாரி கெளம்பிருச்சு, கடைக்கு வரல," என்றான் ஜலால். "அப்ப வழியில எங்கயோ இறக்கறானுங்க."

"இன்னும் ஏத்திப் பாக்கறேன்." அவள் வால்யூமை நூறுக்கும் மேலே தள்ளினாள். "அண்ணா, இப்ப நீளமா அடிங்க."

துரை வேகமாக அடித்தான். பச்சைக் கோடு உச்சிக்கும் அடிக்கும் ஆடியது. அறையில் ஃபேன் சத்தம் மட்டும்.

"என்ன அடிச்சீங்க?"

"முதலாளியைப் பத்தி. கேக்காதுங்கற தைரியத்துல."

ஜலால் திறந்திருந்த கதவு வழியாக வெளியே பார்த்தான். ஹாலுக்கு அப்பால் கண்ணாடி அறையில் சுகுமார் இயர்போனைக் கழற்றிவிட்டு, எறும்பு கடித்தவன் போலக் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜலால் இடுப்பை நீவிக்கொண்டான்.

"இது என்ன கூத்து," என்றாள் யூனிஸ். "ஹெட்போன் சொருகியிருக்குன்னு காட்டுது. ஹெட்போனே இல்லையே."

"எனக்கு ஹெட்போன் ஆவாது," என்றான் துரை. "காதை மூடினா பின்னால எவன் வர்றான்னு தெரியாது. சின்ன சத்தமா ஸ்பீக்கர்லதான் கேப்பேன்."

"சொருகற ஓட்டை எங்க இருக்கும்?" ஜலால் கேட்டான்.

"பெட்டியோட முன்பக்கம். மைக்குக்கு ஒண்ணு, ஹெட்போனுக்கு ஒண்ணு. இங்க மைக் ஓட்டை மட்டும்தான் இருக்கு."

ஜலால் முனகிக்கொண்டே தரையில் மண்டியிட்டான். பெட்டியின் முன்புறம், மைக் ஓட்டைக்குப் பக்கத்தில், பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

"உன் ஹேர்பின்னைக் குடு."

பின்னை விட்டுக் குடைந்தான். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. பிறகு சின்ன முளை போல ஒரு துண்டு மொத்தமாக வெளியே வந்தது.

யூனிஸ் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "ஓட்டைக்குள்ள எது போனாலும் போதும், பெட்டி அதை ஹெட்போன்னு நினைச்சிக்கும். ஸ்பீக்கரை மூடிட்டு சத்தத்தை எல்லாம் இந்தப் பொட்டுக்குள்ள ஊத்திக்கிட்டே இருந்திருக்கு."

துரை, கடைசியாக அடித்ததைப் படிக்கச் சொல்லும் பொத்தானை அவசரமாக அழுத்தினான். வால்யூமை யாரும் இறக்கவில்லை என்பது யூனிஸுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

'பட்டாபிராமன் ஒரு கஞ்சப் பிசினாரி. டீ கேட்டால் தண்ணீர் கேனைக் காட்டுவான்,' என்று இயந்திரக் குரல், மாரியம்மன் கோயில் திருவிழா மைக் செட்டைத் தோற்கடிக்கும் சத்தத்தில், எந்த உணர்ச்சியும் இல்லாமல் ஆபீஸ் முழுவதற்கும் அறிவித்தது.

துரையின் முகம் விரிந்தது. அவன் பெட்டியின் மேல் கையை வைத்து, அது அதிர்வதைத் தொட்டுப் பார்த்தான்.

பட்டாபிராமன் ஓடி வந்தார். "யார் பேசினது?"

"கம்ப்யூட்டர் சார். சரியாயிடுச்சு," என்றாள் யூனிஸ். "இந்தப் பொட்டை யார் வெச்சது?"

"நான்தான். எல்லா மெஷினுக்கும் என் கையாலதான் வெப்பேன். ஒண்ணைக்கூட விடமாட்டேன்."

"விடலை சார். குடல் வரைக்கும் வெச்சிருக்கீங்க."

அவள் நீட்டிய சந்தன முளையை அவர் பார்த்தார். வெட்கப்படுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரும் ஏமாற்றவில்லை. "சரி, சத்தத்தை அடைச்சது அவன் இல்லேன்னே வெச்சுக்குவோம். திருட்டு? அது அவன்தானே?"

ஜலால் மேஜையைப் பிடித்து எழுந்தான். "ஒண்ணு கேக்கறேன். சத்தம் வராத இத்தனை நாள்ல திருட்டு நின்னுதா?"

"எங்க நிக்குது? நேத்துகூட ஒரு கஸ்டமர் போன் பண்ணி கத்தறார். 'உங்க வெப்சைட்ல விசாரிச்ச சூட்டோட படப்பைக்காரன் கூப்பிடறான், என் நம்பரை ஊருக்கே ஒட்டி வெச்சிருக்கியா'ன்னு. அதனாலதான் பாய் இவனை இன்னிக்கே அனுப்பறேன்."

"நல்லா யோசிச்சுத்தான் பேசறீங்களா?"

"ஏன்?"

"இந்தப் பெட்டிக்கு மானிட்டர் இல்ல. எடுத்தது நீங்க. சத்தம் இல்ல. அடைச்சது நீங்க. இவருக்குக் கண்ணு இல்ல. அதை ஒண்ணுதான் நீங்க பண்ணல. அப்ப நேத்து வந்த கஸ்டமர் நம்பரை இவரு எப்படித் தெரிஞ்சிக்கினாரு? பெட்டியை மோந்து பாத்தா?"

பட்டாபிராமன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவர் முன்பக்க ஓட்டையிலும் யாரோ சந்தனம் வைத்த மாதிரி நின்றார்.

"திருடினு இருந்தவருன்னா, இத்தனை நாள்ல திருட்டு நின்னிருக்கணும்," என்றான் ஜலால். "நிக்கல. சத்தம் போனதுதான் இவருக்கு சாட்சி. அப்ப வேற எவனுக்கோ கேட்டுகினு இருந்திருக்கு. யூனிஸ், சத்தம் போற வழியை இன்னொரு தபா பாரு. ஒரு வழியா, ரெண்டு வழியா?"

அவள் திரையில் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

"ரெண்டு. ஒரே சத்தம் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துக்குப் போற மாதிரி செட் பண்ணியிருக்காங்க. ஒண்ணு இந்த ஸ்பீக்கர். இன்னொண்ணு ஒயர் இல்லாம, புளூடூத்ல. பேரு வெறும் நம்பரும் எழுத்துமா இருக்கு. சந்தனம் ஒரு வழியைத்தான் அடைச்சது. இன்னொண்ணு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்திருக்கு."

"எதிர் ஆபீஸ்காரன்," என்றார் பட்டாபிராமன். "எனக்குத் தெரியும்."

"புளூடூத் ரோட்டைத் தாண்டாது சார். இந்த ஆபீஸுக்குள்ளதான்."

ஜலால் கதவைச் சாத்தினான். ஹாலைப் பார்த்த சின்ன ஜன்னலை மட்டும் திறந்து வைத்தான். பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டான்: "கீழ படிக்கட்டை மறிச்சினு ஒரு செவப்பு வண்டி நிக்குதே, யாருது?"

"சுகுமாருது. போன மாசம்தான் எடுத்தான். ஏன்?"

"சும்மா. யூனிஸ், ஸ்பீக்கர் ஒயரைப் புடுங்கு."

"இப்பதானே அண்ணா உயிர் வந்தது."

"புடுங்கு."

அவள் பிடுங்கினாள். இப்போது திறந்திருந்தது அந்த இரண்டாவது வழி மட்டும்தான். ஜலால் துரையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். துரையின் உதடு கோணியது. கல் உடைத்த விரல்கள் கீபோர்டில் ஓடின.

அறையில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பச்சைக் கோடு மட்டும் ஆடியது.

கண்ணாடி அறையில், இயர்போனை மறுபடி மாட்டியிருந்த சுகுமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கதவில் தோளை இடித்துக்கொண்டு, ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும், படிக்கட்டில் தடதடவென்று இறங்கினான். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த பெண் அவன் போன திசையைப் பார்த்துவிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுத்தாள். அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

"என்ன அடிக்கச் சொன்னீங்க?" பட்டாபிராமன் கிசுகிசுத்தார்.

துரைதான் பதில் சொன்னான். "'கீழ நிக்கிற செவப்பு பைக்கைப் போலீஸ் வண்டியில ஏத்தறாங்க.'"

ரோட்டுப் பக்கத்து ஜன்னலுக்குப் போனார்கள். கீழே சுகுமார் பைக்கின் மேல் கை வைத்தபடி இரண்டு பக்கமும் பார்த்தான். போலீஸ் இல்லை. டீக்கடையில் நின்றவர்கள் அவனுடைய வெறுங்காலைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் கேள்வி வந்தது. பிறகு பதில் வந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தான். ஜன்னலில் மாமா நின்றிருந்தார். பக்கத்தில் ஜலால் ஆசீர்வாதம் பண்ணுவது போலக் கையை உயர்த்தியிருந்தான்.

சுகுமார் இயர்போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ரொம்ப லேட்.

"நான் வால்யூமை ஏத்தினப்ப இவன் காதைத் தேய்ச்சான்," என்றாள் யூனிஸ். "நானும் பாத்தேன் அண்ணா. கொசுன்னு நினைச்சேன்."

"எனக்கு மூளை, உனக்குக் கொசு."

"நாள் பூரா அந்தக் குரலைக் காதுல கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கான். பாதி தண்டனையை அவனே அனுபவிச்சிட்டான்."

மேலே வந்த சுகுமார் பெரிதாக மறுக்கவில்லை. படப்பைக்காரன் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தருகிறான். மாமா தருவதோ 'தருகிறேன்' என்ற வாக்கு மட்டும்தான். அவன் அழுதான். அவன் அக்காவுக்கு போன் போட்டான். போன் பட்டாபிராமனின் கைக்குப் போனது. அவர் "ம்" என்றார், "சரி" என்றார், "இல்ல இல்ல, நான் ஒண்ணும் சொல்லல" என்றார். போனை வைத்தபோது நீதி வழங்கி முடித்திருந்தார்.

"சின்னப் பையன். தெரியாம பண்ணிட்டான். குடும்ப விஷயம், விடுங்க பாய்."

சின்னப் பையனுக்கு முன்வழுக்கை விழுந்திருந்தது.

"ரிப்போர்ட் ரெடி," என்றான் ஜலால். "சத்தத்தை அடைச்சவர் முதலாளி. திருடினவர் முதலாளி மச்சினன். சீல் போடலாமா?"

"வேண்டாம், வேண்டாம்."

"போடாம வெச்சிருக்கேன். துரையை என்னிக்கு அனுப்பறீங்களோ அன்னிக்கு சீல் போட்டு உங்க கஸ்டமருங்களுக்கு அனுப்பறேன்."

பட்டாபிராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஸ்டோர் ரூமைப் பார்த்துத் திரும்பினார். "சரி துரை. நீ இருக்கலாம். வேலையைப் பாரு."

துரை எழுந்து நின்றான். "காலையில எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு திருடன்னு சொன்னீங்க சார். இப்பவும் கூப்பிடுங்க. தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அதான் வேலையைப் பாருன்னு சொல்லிட்டேனே. அப்புறம் என்ன?" அவர் தன் அறைக்குள் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

 துரை உட்கார்ந்து, கையைத் திரும்பக் கீபோர்டின் மேல் வைத்தான்.

"யூனிஸம்மா, தினம் ஆபீஸ் திறக்கற நேரத்துக்கு இந்தப் பெட்டி தானா ஒரு வரி பேசற மாதிரி வைக்க முடியுமா?"

"லினக்ஸ் அண்ணா. சொன்னா சொன்னதைச் செய்யும். முதலாளி மாதிரி இல்ல."

"வால்யூம்?"

"நூறுக்கு மேலயே இருக்கட்டும்."

"கதவைத் திறந்தே வெச்சிக்கறேன்," என்றான் துரை. "அவரு வாயால சொன்ன அன்னிக்கு நிறுத்திடுவேன்."

மறுநாள் காலை டயர் கடை மாடியில் ஜலால் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். யூனிஸின் போன் அடித்தது. அவள் அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, நான் பட்டாபிராமன். கம்ப்யூட்டர்ல சத்தத்தை எப்படி நிறுத்தறது? கஸ்டமர் ஒரு குடும்பமா வந்து உக்காந்திருக்காங்க, இது பாட்டுக்கு... அவனைக் கேட்டா, உங்க வாயிலதான் சுவிட்ச் இருக்குங்கறான்."

யூனிஸ் சற்று யோசிப்பது போல நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பூஜை சந்தனம் மிச்சம் இருக்கா சார்?"

அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். அது கேட்கவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து வந்த இயந்திரக் குரல் மட்டும், கோபமில்லாமல், அவசரமில்லாமல், தெளிவாகக் கேட்டது.

'பட்டாபிராமன் துரைக்குத் தர வேண்டிய ஒரு மன்னிப்பு இன்னும் பாக்கி.'